யானைக் குழியும் ஆறாவது விசிலும்

கமலாசனி புது ரியூப் வாங்கினால், கடைக்காரரின் கண்ணுக்கு முன்னாலேயே காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பாள். பெட்டி பிரிக்காத புதுச் சாமான் என்று சொன்னால், அந்தப் பெட்டியை யார் ஒட்டினது என்று கேட்பாள். ஒட்டுசுட்டானில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே மோட்டார் சைக்கிள் திருத்துகிறாள். புருஷன் தவறிப் பன்னிரண்டு வருஷம். அவர் விட்டுப்போன, நட்டுக் கழற்றுகிற சாவிகளும் கைக்கடிகாரமும் இன்னமும் அவளிடம்தான் இருக்கின்றன. ஊரில் முதன்முதல் காபரேட்டர் கழற்றிப் பூட்டின பொம்பிளை என்று அவளைச் சொல்வார்கள். அதையும் அவள் முழுதாக நம்புவதில்லை. எதுக்கோ தன்னைப் புகழுகிறார்கள் என்றுதான் நினைப்பாள்.

போன வருஷம் றோட்டுக்கு அந்தப் பக்கம் லக்ஷன் கராஜ் திறந்தான். கண்ணாடிக் கதவு, எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று வயர் பூட்டிப் பார்க்கிற மெஷின், வருகிறவர்கள் இருக்கக் குஷன் கதிரை. அவளிடம் வந்துகொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு றோட்டைக் கடந்து போனார்கள். ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவணியில் குளம் வற்றினதும் விளையாட்டுக் கழகம் அதற்குள்ளே மோட்டார் சைக்கிள் போட்டி வைக்கும். முதலில் தெரிவுச் சுற்று. அதில் குறைந்த நேரத்தில் சுற்றி வந்த ஆறு பேர்தான் கடைசி ஓட்டத்துக்குப் போகலாம். அந்த ஆறு மோட்டார் சைக்கிளையும் எந்தக் கடையில் திருத்தினது என்று வருஷம் முழுக்க ஊர் கதைக்கும். கமலாசனி தன்னுடைய பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை எடுத்து உக்கினதைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மருமகன் சிவகரனிடம் கொடுத்தாள்.

“தம்பி, இந்தமுறை ஆறுக்குள்ள நிக்காட்டி நான் கடையைப் பூட்டிப்போட்டுக் கச்சான் கடலைத் தோட்டம் செய்யப் போறன். சும்மா சொல்லேல்ல.”

“விளங்குது மாமி,” என்றான் சிவகரன். மாமி சும்மா சொல்கிற ஆள் இல்லையென்று அவனுக்குத் தெரியும்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கக் கழகத்தார் அறிவித்தல் ஒட்டினார்கள். விதி மாறியிருந்தது. முந்தி ஒவ்வொருவராகத் தனிய ஓடுவார்கள். ஒருவருக்கு ஒரு சுற்று. இனி அப்படியில்லை. பன்னிரண்டு பேரும் ஒன்றாக இறங்கவேண்டும். ஆறாவது நிமிடத்தில் முதல் விசில். அதன்பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு விசில். எத்தனை சுற்றும் ஓடலாம்; அவரவர் ஓடினதில் நல்ல சுற்றுக்குத்தான் கணக்கு. ஒவ்வொரு விசிலுக்கும் அந்தக் கணக்கில் கடைசியாய் நிற்கிறவர் வெளியே. ஆறு விசில் முடிய மிச்சம் நிற்கிற ஆறு பேர் தெரிவு.

கமலாசனி ஒருதரம் வாசித்தாள். பிறகு சிவகரனைக் கொண்டு வாசிப்பித்தாள், அவன் வாசிக்கச் சொல் ஏதும் மாறுகிறதா என்று பார்க்க. மாறவில்லை. அப்படியே கழகச் செயலாளர் சுஜிதனைத் தேடிப் போனாள். சுஜிதன் லக்ஷனின் ஒன்றுவிட்ட தமையன்.

“ஏன் இப்ப திடீரெண்டு மாத்தினனீங்கள்?”

“கமலாசனியக்கா, போன வருஷம் சனம் பாதியில எழும்பிப் போட்டுது. ஒரு ஆள் ஓடுறதைப் பாக்க எல்லாருக்கும் அலுப்பு. இப்பிடியெண்டால் கடைசி விசில் வரைக்கும் நெஞ்சு இடிக்கும்.”

“ஆற்ற நெஞ்சு?”

“எல்லாற்ற நெஞ்சும்தான்.”

“பன்னிரண்டு பேர் ஒண்டா இறங்கினால் புழுதியில ஒரு சாமானும் தெரியாது. புது மோட்டார் சைக்கிள் முன்னுக்குப் போகும், பழசு பின்னால நிண்டு புழுதி குடிக்கும். உம்மட தம்பி வாங்கினது புதுசுதானே?”

“அக்கா, நீங்கள் பிள்ளையார் கோயில் மணியையும் ஆர் அடிக்கினமெண்டு பாத்துத்தான் கும்பிடுறனீங்கள்,” என்று சுஜிதன் சிரித்தான்.

“ஓம், பாத்துத்தான் கும்பிடுறனான்,” என்றுவிட்டு அவள் குளத்துக்குப் போனாள்.

அங்கே குளத்தின் தரை வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடந்தது. சுண்ணாம்பு பூசின பழைய டயர்களை வைத்துப் பாதை குறித்திருந்தார்கள். பின்பக்க வளைவில்தான் சிக்கல். சித்திரையில் சேறு காயமுதல் யானைகள் தண்ணீருக்கு வந்து போன தடங்கள் அப்படியே இறுகி, ஒவ்வொன்றும் ஒரு சட்டியளவு குழியாகக் கிடந்தன. மோட்டார் சைக்கிளின் சில்லு அதில் விழுந்தால் ஆள் தூக்கி எறியப்படுவான். அதனால் எல்லாரும் அந்த வளைவை வெளிப்பக்கத்தால் பெரிசாகச் சுற்றிப் போவார்கள். கமலாசனி குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நடந்தாள். யானை ஒன்றின் பின்னால் ஒன்றாகத்தானே வரும். இரண்டு வரிசைக் குழிக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு நல்ல தரை இருந்தது. சிவகரனைக் கூட்டிவந்து அதிலே நடக்க வைத்தாள்.

“இதால போனால் மூண்டு நாலு செக்கன் மிச்சம். ஆனால் கண் தெரியோணும்.”

“புழுதிக்குள்ள எப்பிடி மாமி தெரியும்?”

“அதுக்காகத்தானே விதியை மாத்தினவங்கள்,” என்றாள்.

போட்டியன்று குளக்கட்டு முழுக்கச் சனம். நேரம் எடுப்பது தண்ணீரூற்று என்ற ஊர்க்காரர் மீராசாகிபு. உதிரிப்பாகக் கடைக்காரர், இரண்டு கராஜுக்கும் சாமான் கொடுக்கிறவர். முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்கிறமாதிரி எல்லாரும் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கமலாசனி புருஷனுடைய கைக்கடிகாரத்தோடு அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள்.

“என்ன தங்கச்சி, எனக்கும் காவலா?”

“உங்களை நம்புறன், நானா. உங்கட மணிக்கூட்டைத்தான் தெரியாது.”

“அல்லாஹ்வே! நல்ல பொம்பிளை,” என்று சிரித்து அவர் தன் மணிக்கூட்டை அவளுக்குத் தெரியத் திருப்பிப் பிடித்தார்.

பன்னிரண்டு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். சோளகக் காற்று புழுதியை அள்ளிப் பின்பக்க வளைவில் கொண்டுபோய்க் குவித்தது. குளக்கட்டில் நின்றவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கமலாசனிக்கு அயல்வீட்டு ஞானேஸ்வரி, மடியில் கச்சான் சுற்றின கடதாசிச் சரையோடு, “ஆர் போறான், ஆர் வாறான் எண்டு ஒருத்தருக்குமே தெரியேல்ல. இதைப் பாக்கவே பஸ் பிடிச்சு வந்தனாங்கள்?” என்று கத்தினாள்.

முதல் மூன்று விசிலுக்கு மூன்று பேர் போனார்கள். லக்ஷன் இரண்டு நிமிடம் நாலு செக்கனில் ஆறாவது. சிவகரன் இரண்டு நிமிடம் ஏழு செக்கனில் ஏழாவது. எம்.டி. 90 சூடேறிப்போனதால் அவன் வந்து தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் நின்ற மருதமர நிழலில் நிறுத்தினான். அவனுக்குக் கீழே நின்ற இருவரில் ஒருவருக்குச் செயின் அறுந்தது. மற்றவர் கண்ணுக்குள் புழுதி விழுந்து ஓட்டத்தையே விட்டுவிட்டார். முன்னுக்கு நின்ற ஆறு பேரும் எங்களுக்கு இந்த நேரம் போதும் என்று ஏற்கெனவே நிழலுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். லக்ஷன் சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

நாலாவது விசில் வெறுங்குளத்துக்கு ஊதப்பட்டது. ஐந்தாவதும் அப்படித்தான். ஒரு மாடு மட்டும் பாதையைக் குறுக்கே கடந்து போனது.

“இதென்ன செத்தவீடே? எல்லாரும் மரத்துக்குக் கீழ இருக்கிறாங்கள்!” என்று ஞானேஸ்வரி சரையை மடித்துக்கொண்டு எழும்பினாள். அவளோடு சேர்ந்து பாதிச் சனமும் எழும்பினது.

கமலாசனி மட்டும் எழும்பவில்லை. இத்தனை பேரும் ஏன் ஓடாமல் இருக்கிறார்கள்? பேசி வைத்துத்தான் இருக்கவேண்டும். ஒருவரும் ஓடாவிட்டால் இந்த ஆறும் அப்படியே தெரிவு. அப்போதுதான் குளத்தைப் பார்த்தாள். ஓட ஆளில்லாததால் புழுதி அடங்கியிருந்தது. பின்பக்க வளைவில் யானைக் குழிகள் இங்கிருந்தே கறுப்புக் கறுப்பாய்த் தெரிந்தன.

“நானா, கடைசி விசிலுக்கு எவ்வளவு?”

“ரெண்டரை நிமிஷம், தங்கச்சி.”

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். “தம்பி, எழும்புங்கோ! புழுதி அடங்கிட்டுது. குழிக்கு நடுவால போங்கோ!”

சிவகரன் உதைத்தான். கிளம்பவில்லை. இரண்டாம் உதையிலும் இல்லை. மூன்றாவதில் எம்.டி. 90 இருமிக்கொண்டு எழும்பினது. கோட்டைத் தாண்டும்போது விசிலுக்கு இரண்டு நிமிடமும் ஐந்து செக்கனும் இருந்தன. லக்ஷன் சோடாவை எறிந்துவிட்டு ஹெல்மெட்டைத் தேடினான். ஆனால் தேடி முடிக்கமுதலே ஒரு சுற்றுக்கு நேரம் போதாமல் போய்விட்டது.

தனிய ஒரு மோட்டார் சைக்கிள். வீட்டுக்குப் புறப்பட்ட சனம் குளக்கட்டிலேயே நின்றுவிட்டது. பின்பக்க வளைவில் சிவகரன் வெளிப்பக்கம் போகவில்லை. நேரே குழிகளுக்குள் விட்டான். “ஐயோ!” என்று ஞானேஸ்வரி வாயைப் பொத்தினாள். முன்சில்லு ஒருதரம் ஆடியது. விழவில்லை. மற்றப் பக்கத்தால் வெளியே வந்தபோது குளக்கட்டு முழுக்கக் கத்தினது. அவன் கோட்டைத் தாண்டினான். விசில் ஊதினது.

“ரெண்டு நிமிஷம் ரெண்டு செக்கன்,” என்றார் மீராசாகிபு. கமலாசனி தன் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் அதையேதான் காட்டினது.

“விசிலுக்குப் பிறகுதான் தாண்டினவர்!” என்று லக்ஷன் பாய்ந்தான்.

சுஜிதன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். “ஊதினது நான். அவர் தாண்டினாப் பிறகுதான் ஊதினனான். நீ எழும்பி ஓடியிருக்கலாம்தானே? சோடாவே முக்கியம்?”

கமலாசனி அவனை உற்றுப் பார்த்தாள். தன்னுடைய தம்பிமுறையானவனுக்கு எதிராக ஏன் இவன் உண்மை சொல்கிறான்? அன்றைக்கு முழுக்க யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கடைசி ஓட்டத்தில் சிவகரன் ஐந்தாவதாக வந்தான். அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. குழிக்கு நடுவால் போனதைத்தான் கதைத்தார்கள். அடுத்த நாள் காலமை அவளுடைய கடை வாசலில் நாலு மோட்டார் சைக்கிள் நின்றன. நாலாவது ஆள் லக்ஷன் அனுப்பின ஆளாக இருக்கலாமென்று அவள் அவனுடையதைக் கடைசியாகத்தான் திருத்தினாள்.

பின்னேரம் சுஜிதன் வந்தான். “அக்கா, சனம் எங்களை ஏசுது. வெறுங்குளத்தையே பாக்க வந்தனாங்கள் எண்டு. எல்லாருக்கும் பிடிச்சது உங்கட மருமோன் தனிய ஓடினதுதான். அதால அடுத்த வருஷம் பழைய விதிக்கே போறம். நீங்கள் கேட்டதும் அதுதானே?”

கமலாசனி கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தாள். சாக்கில் கையைத் துடைத்தாள்.

“ஏன் இப்ப திடீரெண்டு மாத்திறியள்?” என்றாள்.