லோவெலின் உடற்பயிற்சி வகுப்பு

லோவெல் காலேஜில் பந்து விளையாடப் படிக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு. பந்தாவது ஒண்ணாவது, சின்னப் பெண்களை வேடிக்கை பார்க்கப் போகிறான் என்று இன்னொரு பேச்சு. முடிவெட்டும் எர்வின் யாரோ சொல்லக் கேட்டு, அதைக் கத்தரிக்கோலும் கையுமாக லோவெல் காதிலேயே போட்டான்.

"நீ வேலை பார்த்த காகித மில்லை மூடினப்ப உன் மூளையையும் சேர்த்து மூடிட்டாங்களாடா? இந்த வயசுல குட்டிக்கரணமா?"

"பூங்கா, பொழுதுபோக்கு, உடற்பயிற்சி. அதான் படிப்பு. பாஸானா வசந்தத்துல நகரப் பூங்காவுல வேலை."

"எங்கப்பனுக்குப் பொழுதுபோக யாருடா பாடம் நடத்தினா?"

லோவெல் சிரித்துவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிச் சிரிக்க மனைவி ஆர்லீன் இல்லை. அவள் போய் இரண்டு வருஷம்.

வகுப்புப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். இவருக்குக் கதவைத் திறந்து பிடிப்பார்கள். பயிற்சிக்கு ஜோடி சேருங்கள் என்றால் மட்டும் இவர் தனியாக நிற்பார். ஆசிரியை ஜோலின்தான் வந்து ஜோடி சேருவாள்.

கடைசித் தேர்வு, ஊர்க்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துவது. நாலு பேராவது வரவேண்டும். முதுகுவலிக்காரர்களுக்கான பயிற்சி என்று லோவெல் நூலகத்திலும் தேவாலயத்திலும் சுவரொட்டி ஒட்டினார். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பூங்காக் கூடம்.

அன்று காலை குளிருக்கு அடுப்பை மூட்டி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். ஜோலின் வந்தாள். வேறு யாரும் வரவில்லை. சாலையில் ஒரு வண்டி இல்லை. தூரத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

லோவெல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மான் வேட்டை... இன்னிக்குத்தான் ஆரம்பம்."

"அதான் நேத்து வகுப்பே காலியா! நான் ஊருக்குப் புதுசு, எனக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியல?"

இந்தப் பக்கம் அந்த நாளில் ஊரே காட்டுக்குப் போய்விடும், கல்யாணம்கூட வைக்கமாட்டார்கள். வருஷா வருஷம் லோவெலும் ஆர்லீனின் அண்ணன் வெர்லினுடைய காட்டுக் குடிலுக்குத்தான் போவார். அக்டோபரில் வெர்லின் கூப்பிடுவான், "மச்சான், கட்டில் போட்டாச்சு, கிளம்பி வா." அந்தக் கூப்பாடுதான் லோவெலுக்கு நாள்காட்டி. ஆர்லீன் இறந்த வருஷம் இவர்தான் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். போன வருஷம் அழைப்பு வரவில்லை. இந்த வருஷமும் இல்லை.

"கூடத்துலதான் நடத்தணும்னு இல்ல லோவெல். ஆள் இருக்கிற இடத்துக்குப் போங்க. வீடியோ எடுத்து அனுப்புங்க, போதும். திங்கக்கிழமைக்குள்ள," என்றாள் ஜோலின்.

ஆள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். வெர்லின் குடிலில், விடியுமுன்னே மரத்தின்மேல் ஏறி, மானுக்காக அசையாமல் உட்கார்ந்து, முதுகு பலகையாகிப்போன ஆறு கிழட்டு ஆண்கள். இந்தப் பயிற்சிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஆனால் அழைக்காமல் யாரும் அடுத்தவன் குடிலுக்குப் போவதில்லை. அதுவும் இந்த வாரம்.

ஜோலின் காரில் ஏறிப் போனாள். அவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி, சுவரோரம் சாய்த்தார். இந்நேரம் சாப்பிட இறங்கி வந்திருப்பார்கள். போன் மேஜைமேல்தான் கிடக்கும்.

தன் போனில் வெர்லினின் எண்ணைத் தேடி எடுத்தார். என்ன சொல்வது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "மச்சான், நான்தான். ஒரு உதவி வேணும்..."

எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. இன்னும் காட்டில்தான் இருக்கிறார்களோ. அல்லது திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களோ.

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.