நெற்றியில் வைத்த செம்பு வில்லை

தொண்ணூற்றொன்றில் ஊரெங்கும் சில்லறைத் தட்டுப்பாடு. ஒரகடம் டீக்கடைக்காரர் மீதிக்குக் காசு தராமல், செம்புத் தகட்டில் வெட்டி ஆணியால் புள்ளி குத்திய வில்லைகளைத் தருவார். நாலு வில்லை கொடுத்தால் ஒரு டீ. ஒல்லியான மனிதர். ஒவ்வொரு வில்லையையும் வேட்டியில் துடைத்துத்தான் நீட்டுவார்.

ஒரு காலை கடை பூட்டியிருந்தது. என்னிடம் நாற்பது வில்லைகள். ஆள் ஓடிவிட்டார் என்று நானே முடிவுகட்டி, நானே வியர்த்து, படப்பையில் அவர் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

வாசலில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். வில்லைப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

"நெத்தில வைக்க ஒரு ரூபா காசு யாருகிட்டனா இருக்குதா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் நோட்டையே நீட்டினார்கள். என் சட்டைப் பையில் காசு இருந்தது. ஆனால் திரும்பும்போது சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டர் இறக்கிவிடுவாரே! இந்த மகா கவலையில் நான் மூழ்கியிருந்தபோது, டீக்கடைக்காரர் ஒரு செம்பு வில்லையைத் துடைத்து மனைவியின் நெற்றியில் வைத்தார்.

"இன்னாப்பா, செல்லாத காச வெக்கிற?" என்றார் ஒரு பெரியவர்.

"செல்லும்ணே. இத்த எவன் வாங்குவான்னு நான் பயந்துகினு இருந்தப்போ, மொதல்ல கைநீட்டி வாங்குனவ இவதான்."

என் வில்லைப் பை கிணுகிணுத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார்.

"காரியம் முடியட்டும் சார். கடைய தொறந்துடுவேன். உன்னுதும் செல்லும்."

துக்கம் விசாரிக்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய்யை விட்டுவிட்டு, ஒளித்த பையை முன்னால் எடுத்தேன்.