வாசல் அண்ணன் உள்ளே போன நாள்

அவரை எல்லோரும் வாசல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் தாங்களே கூடி, ஆண்டுக்கு ஒருமுறை சனி ஞாயிறில் நடத்தும் மாநாடு அது. ஒரு கல்லூரி வகுப்பறைகளைத் திறந்துவிடும். பேசுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கேட்கிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. முதல் ஆண்டிலிருந்தே நுழைவாயிலில் மேசை போட்டு உட்கார்ந்தவர் அண்ணன்தான். வருகிறவர் பெயரைக் கேட்டு, பேட்ஜைத் தேடி எடுத்துக் கொடுத்து, "மூணாவது மாடி, இடது பக்கம். லிஃப்டை நம்பாதீங்க" என்று அனுப்பிவைப்பார்.

மற்ற நாட்களில் அவருக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை. அங்கே இரவு முழுக்க ஓடிக் கணக்கு முடிக்க வேண்டிய பழைய புரோகிராம் ஒன்று உண்டு. அது பாதி வழியில் படுத்துவிடும். ஊழியர்கள் வருவதற்குள் அண்ணன் போய் அதைத் தட்டி எழுப்பி மறுபடி ஓடவிடுவார். "கைக்குழந்தை மாதிரி. நான் தொட்டாத்தான் அழுகையை நிறுத்தும்" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "வருஷா வருஷம் விழுந்தடிச்சுக்கிட்டுப் போறீங்களே, உள்ள அப்படி என்னதான் பேசுறாங்க?"

"அது... கம்ப்யூட்டர் பத்தி."

"அது எனக்கே தெரியும்."

ஒரு பேச்சைக்கூட அண்ணன் உட்கார்ந்து கேட்டதில்லை. நாற்காலி போடவும் மைக் மாற்றவும் போனதோடு சரி. நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்வார். உள்ளே பயம். அங்கே பேசுகிறவர்கள் வேறு ரகம், நம்மைப் பார்த்து யாராவது அபிப்பிராயம் கேட்டுவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நினைத்தார். வாசல் அவருக்குத் தோதான இடம். பக்கத்திலும் இருக்கலாம், மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

டீச்சருக்கு இது புரியாமலா இருக்கும்? மாநாட்டை முன்னின்று நடத்தும் பெண்ணுக்கு ஒரு போன் போட்டார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை பேட்ஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வந்தால், அவர் நாற்காலியில் அவர் மனைவி.

"நீ எங்க இங்க?"

"இன்னைக்கு இது என் வேலை. பெட்டியை வெச்சுட்டு உள்ள போங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"வகுப்புக்கு அறுபது பிள்ளைங்களை மேய்க்கிறேன். இதென்ன பெரிய கம்ப சூத்திரமா?"

ஒருங்கிணைப்பாளர் பெண் சிரித்துக்கொண்டே வந்து அண்ணன் கழுத்தில் ஒரு பேட்ஜை மாட்டினாள். "அண்ணா, இன்னைக்கு நீங்க விருந்தாளி. எதையும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

முதல் அறையில் பேசியது அவர் தலைக்கு மேலே போனது. தரையில் கிடந்த வயரை ஒதுக்க எழுந்தார். கதவருகே நின்ற ஒருங்கிணைப்பாளர் பெண் முறைத்தாள், உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது அறையில் தூங்கிப்போனார். தேநீருக்குப் பிறகு, கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு சின்ன அறைக்குள் நுழைந்தார்.

சளி பிடித்த குரலில் ஒரு சின்னப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஏன் நடுவழியில் விழுகிறது என்பதுதான் பேச்சு. ராத்திரியெல்லாம் ஓடி, விடியும்போது செத்துக் கிடக்கும் என்று அவள் சொன்னபோது அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாக மேலே போனது.

"எங்க ஆபீஸ்லயும் அப்படி ஒண்ணு இருக்கும்மா."

"விழுந்தா என்ன செய்வீங்க, சார்?"

"போய்த் திரும்ப ஓடவிடுவேன்."

"எவ்வளவு நாளா?"

"என் பொண்ணு பள்ளிக்கூடத்துல சேர்ந்ததுலேர்ந்து. இப்போ அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு."

அறை குபீரென்று சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். அவள் மட்டும் சிரிக்காமல், அது எப்படி விவரங்களைப் படிக்கிறது என்று கேட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் என்றார் அவர். "அப்போ மூச்சு முட்டத்தான் செய்யும், சார். கொஞ்சம் கொஞ்சமா படிக்க விடுங்க. சின்ன மாத்தம்தான்." அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பேச்சு முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

அண்ணன் படி இறங்கி ஓடினார். வாசலில் டீச்சர் இரண்டு வரிசை போட்டு, பேட்ஜை அகரவரிசையில் பரப்பி, கூட்டத்தை அதட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, ஒரு விஷயம்..."

"அப்புறம். வழியை விடுங்க, ஆளுங்க நிக்கிறாங்க."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கழுத்திலிருந்த பேட்ஜைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "பதில் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் நானேதான் பேட்ஜ் கொடுத்து உள்ள அனுப்பியிருக்கேன். ஒருத்தர்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

டீச்சர் கேலி செய்யவில்லை. அவர் கைமேல் கை வைத்து, "நாளைக்கும் இருக்குல்ல? போய்க் கேளுங்க" என்றார்.

அந்த வாரமே அண்ணன் மாற்றத்தைச் செய்தார். புரோகிராம் விழுவதை நிறுத்தியது. பழக்கதோஷத்தில் இருட்டோடு கிளம்பிப் போனவர், வேலையெல்லாம் முடிந்து திரை அமைதியாக இருப்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மனசுக்குள் லேசாக ஒரு வெறுமை. வீட்டுக்குப் போன் போட்டு, "அது வளர்ந்துடுச்சு" என்றார். "நல்லது, இனிமே நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்றார் டீச்சர்.

இப்போது வாசல் டீச்சருடையது. அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து, பேசுகிறவரை மூச்சுவிட விடாமல் கேள்வி கேட்கிறார். இந்த ஆண்டு ஒருங்கிணைப்பாளர் பெண் மேசைக்கு வந்து கெஞ்சினாள்: "டீச்சர், எப்படியாவது அவரைத் திரும்ப வாசலுக்கே கூட்டிக்கோங்களேன்."

"எங்கிட்ட ஆள் போதும்மா" என்றார் டீச்சர், அடுத்தவரின் பேட்ஜைத் தேடிக்கொண்டே.