ஃபைலுக்கு அவர் பெயர்

என் தங்கை ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். என் தையல் கடைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் கேட்காமலேயே இதைச் சொல்வேன். நடுவில் சில மாதம் வாயைத் திறக்கவில்லை. காரணம் அவளுடைய டீம் லீடர்.

வாடிக்கையாளர்களுக்கு வரிசையாகச் செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். பட்டியலில் கடைசியாக இருந்தவருக்கு மட்டும் செய்தி போகவில்லை. எண்ணும் இடத்தில் ஒன்று குறைந்துவிட்டது. புதிதாக எழுதுகிற எல்லோரும் செய்யும் தப்புதானாம். டீம் லீடர் அதைப் பெரிய திரையில் போட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "நம்ம டீமுக்கு இது ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு" என்றார்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'ஒண்ணு குறைச்சல்'. டீ குடிக்கக் கிளம்பும்போது, "எல்லாரும் வந்தாச்சா, இல்ல ஒண்ணு குறைச்சலா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அடுத்த வாரமே டீம் லீடர் அவளை டெஸ்டிங் பக்கம் தள்ளிவிட்டார். மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நல்ல வேலைதான், ஆனால் அவள் ஆசைப்பட்டது எழுத.

அன்று அழுதது நான்தான்.

"அழாதக்கா. அந்தாள் வாயாலயே என்னத் திரும்பக் கூப்பிட வெக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை நான் அடுப்பைப் பற்றவைக்கும்போதே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். ஒரு சின்னக் கணக்கு. எழுதினாள், ஓட்டிப் பார்த்தாள், சரியாக வந்ததும் அழித்தாள். அடுத்த நாளும் அதே கணக்கு, வெறும் திரையிலிருந்து. கை எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதுவாள். தடுமாறாமல் வந்த பிறகுதான் புதுக் கணக்கு. "பட்டியல் காலியா இருந்தா? ஒரே ஒருத்தர் இருந்தா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்.

"நல்லா வந்தத எதுக்குடி அழிக்கற?"

"இருந்தா பாத்து எழுதுவேன்க்கா. அந்தாள் முன்னாடி பாத்து எழுத முடியுமா?" பிறகு சொன்னாள்: "ஃபைலுக்கு அவர் பேரத்தான் வெச்சிருக்கேன். தினம் அவர அழிச்சுட்டுத்தான் குளிக்கவே போறேன்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அழிச்சாச்சா?" என்று கேட்காமல் நான் கடைக்குக் கிளம்பியதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் எழுதுகிற டீமில் ஓர் இடம் காலியானது. இவளும் கேட்டாள். மேனேஜர் முன்னால் பரீட்சை, கேள்வி கேட்பது டீம் லீடர். இதில் சறுக்கினால் அந்தப் பக்கம் இனி எட்டிப் பார்க்க முடியாது.

கேட்டார். எழுதினாள். ஓடியது.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்க."

மேலிருந்து கீழ்வரை அழித்தாள். "வேற மாதிரி கேளுங்க சார்."

மாற்றிக் கேட்டார். எழுதினாள். அதையும் அழித்தாள். "இன்னும் கஷ்டமா கேளுங்க சார்."

மூன்றாவதாக அவர் கேட்டது மேனேஜருக்கே விளங்கவில்லை. "நீங்களே ரெண்டு வரி ஆரம்பிச்சுக் காட்டுங்களேன்" என்றார் மேனேஜர். டீம் லீடர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். அடுத்தவர் எழுதியதைக் குறை சொல்லியே வருடங்களை ஓட்டியவர். ஒரு வரி எழுதினார், யோசித்தார், திருத்தினார், மறுபடி யோசித்தார். எங்கே மாட்டிக்கொண்டார் என்று தங்கைக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாவம், சொல்லிக் குடுத்திருக்கலாம்" என்றார், வீட்டில் அவள் இதைச் சொல்லக் கேட்ட என் கணவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

இடம் அவளுக்குத்தான். மேனேஜர் சொல்லி, டீம் லீடரே அவள் மேசைக்கு வர வேண்டியதாயிற்று.

"நாளைலருந்து நம்ம டீமுக்கு வந்துடும்மா. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத."

"மனசுல வெச்சுக்கிட்டதாலதான் சார் கத்துக்கிட்டேன்."

அப்போது அவர் முகம் போன போக்கை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அதற்குள் வேலைப் பக்கம் திரும்பிவிட்டாளாம். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.