ஒரே பெயரில் இரண்டு படங்கள்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தை உப்புவெளியில் என் வீட்டிலிருந்து நான்தான் நடத்துகிறேன். முகப்பில் ஒரு செய்திதான் இருக்கும். வாழ்த்தோ மரண அறிவித்தலோ, எல்லாப் படத்துக்கும் ஒரே கோப்புப் பெயர் வைத்து ஏற்றிவிடுவேன். புதியது பழையதன் இடத்தில் தானாகவே அமர்ந்துகொள்ளும். சுலபமான வழி என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் யோகராசா மாஸ்டரின் பிறந்தநாள் வாழ்த்து முகப்பில் இருந்தது. மறுநாள் காலை இறக்கக்கண்டியில் சின்னராசா அண்ணை காலமானார். அவருடைய அறிவித்தலை ஏற்றினேன். எழுத்துப் போய்ச் சேர்ந்தது. படம் போவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மரண அறிவித்தலுக்கு மேலே மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் மாஸ்டரே அழைத்தார்.

"தம்பி, கனடாவில இருந்து தங்கச்சி படத்தைப் பார்த்திட்டு கோல் எடுத்து அழுறா. நான்தான் கதைக்கிறன் எண்டாலும் நம்புறா இல்லை. அதை உடன எடுத்துவிடுங்கோ."

"ஏலாது மாஸ்டர், இன்ரநெற் லைன் இல்லை."

கைபேசி இணையமும் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியம்தான் இணைப்பு வந்தது. படத்தை மாற்றினேன். மாஸ்டர் உயிரோடு இருப்பதை அறிந்தவர்கள் அறிவித்தலுக்குக் கீழே, கருத்துப் பகுதியில் நிம்மதியாக எழுதத் தொடங்கினார்கள். அதை நான் கவனிக்கவில்லை.

சின்னராசா அண்ணையின் மகள் அழைத்தாள்.

"அண்ணை, அப்பாட படத்துக்குக் கீழ 'கடவுளுக்கு நன்றி' எண்டு எழுதிக்கிடக்கு."

அந்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் உரியவரின் பெயரையே வைக்கிறேன். படம் ஏறியதைப் பார்த்த பிறகே எழுத்தை ஏற்றுகிறேன். பிறகு அந்த வீட்டுக்கு அழைத்து, எல்லாம் சரியா என்று கேட்கிறேன். சின்னராசா அண்ணை வீட்டுக்கு மட்டும் இன்னும் அழைக்கவில்லை.