நானூறு கதிரையும் ஒரு வாயும்

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கையை அவன் செத்த முப்பத்தோராம் நாளில்தான் புத்தகமாக அச்சடிப்பார்கள். 'அன்னார் அனைவருக்கும் இனியவராக வாழ்ந்தார்' என்று அதில் இருக்கும். ஊரிலுள்ள சண்டைக்காரன் எல்லாம் அந்தப் புத்தகத்தில் இனியவன்தான். எனக்கு அது சரிவராது. என் பிள்ளைகள் பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களை எழுதவிட்டால் என்னையும் இனியவன் ஆக்கிவிட்டு, முக்கியமான சங்கதிகளை விட்டுவிடுவார்கள். பிழை திருத்த நானும் இருக்கமாட்டேன். ஆகவே உயிரோடு இருக்கும்போதே நானே எழுதிக் கொடுக்கிறேன். நாலாம் வகுப்புத் தமிழ். பிழை இருந்தால் எனக்குப் படிப்பித்த வாத்தியாரைப் பேசுங்கள். அவரும் செத்துப்போனார்.

பெயர் யாக்கோப்பு. ஊர் சுருவில். 'யாக்கோப்பு சவுண்ட்ஸ்' என்று கேட்டால் பக்கத்துத் தீவு இறுப்பிட்டிப் பிள்ளைகள்கூட வழி காட்டும். லவுட்ஸ்பீக்கர், பந்தல், கதிரை எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். தீவுப்பகுதியில் என் கதிரையில் இருக்காத மனிதன் கிடையாது. ஆயர் ஒருவர் இருந்து கால் உடைந்ததும் என் கதிரையில்தான். உடைந்தது கதிரையின் கால். ஆயருக்கு ஒன்றும் இல்லை.

யாரிடமும் கை நீட்டாமல் முன்னுக்கு வந்தவன் நான். அப்பர் கடல்தொழில், அவருடைய அப்பரும் கடல்தொழில். நான் மட்டும் கரையில் தலைநிமிர்ந்தேன். 'கடலை நம்பாமல் மூளையை நம்பினனான்' என்று ஊரில் சொல்லுவேன். என் மனைவி ஜசிந்தா பக்கத்தில் இருந்தால் அடுத்த வசனம் அவளுடையது.

"இவருக்கு வள்ளத்தில ஏறினாச் சத்தி."

சரி, ஓம். கட்டி நிற்கிற வள்ளத்தில் ஏறினாலும் வாந்திதான். என் முன்னேற்றம் முழுவதற்கும் என் வயிறுதான் காரணம்.

வயிறு கைவிட்டாலும் தொண்டை கைவிடவில்லை. பெருநாள் அறிவித்தல் என்றால் முதலில் ஒரு மாதா பாட்டுப் போடுவேன். பிறகு செருமுவேன். பிறகு, "அன்பார்ந்த பெருமக்களே!" அடுப்பில் கறி கொதித்தாலும் சனம் வாசல் படலைக்கு வந்துவிடும். நாற்பது வருடமாக அப்படித்தான்.

பேச்சுத்தான் என்னுடையது. மிச்சம் எல்லாம் அன்ரனிதாஸின் வேலை. இருபது வருடம் என்னோடு நின்றவன். பனையில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவான், பந்தல் போடுவான், கதிரை ஏற்றி இறக்குவான். மைக்கை மட்டும் அவன் கையில் நான் கொடுத்ததில்லை. அது ராசாவின் செங்கோல் மாதிரி என்று நினைத்திருந்தேன்.

கொரோனா வந்த வருடம் பங்குனியில் அலுமாரி அளவில் நாலு புதுப் பெட்டிகள் வாங்கி இறக்கினேன். முன்னால் உயிர்ப்புப் பெருநாள், கோயில் திருவிழாக்கள், கல்யாணங்கள். அந்தப் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கவும் விடாமல் ஊரடங்கு போட்டார்கள். தேவாலயம் பூட்டு. சாட்டிக் கரையில் குளிக்க ஒரு காகமும் இல்லை. கல்யாணக்காரர் ஒவ்வொருவராகப் போன் எடுத்து 'இப்போதைக்கு வேண்டாம்' என்றார்கள். செத்தவீட்டுக்குக்கூடக் கதிரை தேவைப்படவில்லை. இருந்து அழ ஆள் வரக்கூடாதாம்.

நானூறு கதிரையும் கொட்டிலில் கூரை முட்ட அடுக்கியபடி நின்றன. ஆள் இருக்காவிட்டால் கதிரை பழுதாகிப்போகும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, நாளுக்கு ஒன்றாக எடுத்து முற்றத்தில் போட்டு இருக்கத் தொடங்கினேன். ஜசிந்தா குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"நானூறையும் இருந்து முடிக்க ஒரு வருசத்துக்கு மேல செல்லும். நோய் முடிஞ்சிடும், நீங்கள் முடிக்கமாட்டியள்."

அந்தக் கிழமைதான் அன்ரனிதாஸ் வந்தான். வழக்கமாக நேரே கொட்டிலுக்குள் போகிறவன் படலைக்கு வெளியே நின்றான்.

"அண்ணை, நான் மச்சானோட கடலுக்குப் போகப்போறன்."

"ஏன்ரா? என்னட்டை வந்தவன் ஒருத்தனும் பசியோட திரும்பிப் போனதில்லை, தெரியுமே?"

"தெரியும் அண்ணை. நீங்கள்தானே மைக்கில சொல்லுறனீங்கள். ஆனால் வீட்டில மூண்டு பிள்ளையள் இருக்கு. கதிரையை அவிச்சுக் குடுக்க ஏலாது."

ஜசிந்தா ஒரு பையில் அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்தாள். அவன் வாங்கும்போது நிலத்தைப் பார்த்தான். எங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கும் என்பது ஜசிந்தாவுக்குத்தான் தெரியும். கடலுக்குப் போகிறவனைக் கடல் திருப்பித் தராது. சாவைச் சொல்லவில்லை, தொழிலைச் சொல்கிறேன். அவன் போனால் கொட்டிலில் மிஞ்சுவது நானூறு கதிரையும் ஒரு வாயும்தான்.

"ஒரு கிழமை பொறு. நான் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன்" என்றேன். ஒரு மண்ணும் யோசித்து வைத்திருக்கவில்லை.

ஆண்டவர் என் மானத்தைக் காப்பாற்றப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அனுப்பினார். ரஜீபன் என்று ஒரு தம்பி. மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினார்.

"அண்ணை, சனம் சொல்லுக் கேக்குதில்லை. உங்கட லவுட்ஸ்பீக்கரை ஓட்டோவில கட்டி ஊரெல்லாம் அறிவிக்கவேணும். நான் எழுதித் தாறன், ஆரையாவது வாசிக்கச் சொல்லுங்கோ."

"ஆரையாவதோ? தம்பி, இந்தக் குரல் இருக்கேக்க வேற குரலோ?"

அன்ரனிதாஸைக் கூப்பிட்டேன். ஓட்டோவின் தலையில் இரண்டு ஸ்பீக்கர் கட்டினான். எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். என் தொழிலுக்கு நானே மூடுவிழா அறிவிக்கப்போகிறேன் என்பது அந்தச் சந்தோசத்தில் உறைக்கவில்லை. ஓட்டோ வெளிக்கிட்டதும் என் கை தன்பாட்டில் மாதா பாட்டைப் போட்டது. செருமினேன்.

"அன்பார்ந்த பெருமக்களே!"

முதல் ஒழுங்கையிலேயே படலைகள் திறந்தன. கிழவிகள் முக்காடு போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். செபஸ்தியம்மா கையில் கொளுத்திய மெழுகுதிரி. நோய் தீரக் கோயில் சுவாமியார் மாதா சுரூபத்தை ஓட்டோவில் கொண்டுவருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். தெருவில் முழந்தாளில் நின்றார்கள்.

"எவரும் வீட்டை விட்டு வெளியில் வரவேண்டாம்!" என்று நான் முழங்கினேன்.

"ஆமென்" என்றது சனம். பின்வளவில் இருந்தவர்களும் என்னவோ என்று வந்து சேர்ந்தார்கள். சந்திக்குப் போவதற்குள் ஓட்டோவுக்குப் பின்னால் ஒரு சுற்றுப்பிரகாரமே வந்துகொண்டிருந்தது.

செபஸ்தியம்மா ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கையடா மாதா?"

"மாதா இல்லை அக்கா, நான்தான்."

"உன்னைப் பாக்கவோடா நான் மெழுகுதிரி கொளுத்தினனான்!"

வேலணைப் பக்கம் போனபோது மார்க்கண்டு அண்ணை படலையில் நின்றார். தோட்டக்காரர், மீன் தொடாத மரக்கறிச் சாப்பாட்டுக் குடும்பம். சித்திரையில் அவருடைய மகள் கம்சிகாவின் கல்யாணம். அந்த வருடத்தில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே கல்யாணம் அது. நான் அவரைக் கவனிக்காமல், "திருமண வைபவங்களை ஒத்திவையுங்கள்!" என்று ஓங்கிச் சொன்னேன். அவர் கை காட்டி ஓட்டோவை மறித்தார்.

"சரி யாக்கோப்பு, ஒத்திவைச்சிட்டன்."

"ஐயோ அண்ணை, அது பொதுவாச் சொன்னது..."

"நீர் இவ்வளவு உருக்கமாச் சொல்லேக்க நான் கேக்காமல் விடலாமே?"

பின்னுக்கு இருந்த அன்ரனிதாஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டு வெளியே பார்த்தான்.

பின்னேரம் ரஜீபன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். "அண்ணை, உங்களைக் கும்பிட்டன். நிப்பாட்டுங்கோ. நீங்கள் அறிவிக்கிறதாலதான் கூட்டம் கூடுது!"

நோயை எதிர்த்து நான் செய்த சேவை ஒரு நாளோடு முடிந்தது.

ஸ்பீக்கரை அவிழ்க்கும்போது அன்ரனிதாஸ் கை வேலையை விட்டு யோசித்தான். அன்றைக்குக் கரையில் அவன் மச்சானின் மீன் கிடந்து நாறியது. யாழ்ப்பாணத்திலிருந்து லொறி வரவில்லை, சந்தையும் பூட்டு. கரையில் மீன் நாற, உள்ளூரில் சனம் பருப்பே தின்று அலுத்திருந்தது.

"அண்ணை, வராதேங்கோ எண்டு சொல்லியே இவ்வளவு சனம் வருதெண்டால், வாங்கோ எண்டு சொன்னால்?"

"மீனோ? மாதா பாட்டுப் போட்ட ஸ்பீக்கரில சூடை கூவுறதோ? மீனை விட்டு வந்தவன்ரா நான்!"

"அப்ப நான் நாளைக்கு வள்ளத்துக்குப் போறன் அண்ணை."

கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை. வலு மரியாதையாகச் சொன்னான். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஜசிந்தா, "அவன் வள்ளத்தில போகட்டும், நீங்கள் கதிரையில இருங்கோ" என்று ஒரே ஒரு வசனம் சொன்னாள். விடிய எழும்பி ஓட்டோவுக்கு நானே ஸ்பீக்கர் கட்டினேன். கோணலாகத்தான் கட்டினேன். அன்ரனிதாஸ் வந்து அவிழ்த்துத் திருப்பிக் கட்டினான்.

ரஜீபனிடம் மீன் விற்க அனுமதி கேட்டோம். முதலில் என்னைக் கண்டதும் பயந்தார். சனம் நெருங்கக்கூடாது என்றால் சரி என்றார். அதற்கும் அன்ரனிதாஸிடம் வழி இருந்தது. லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் கதிரைகளை ஏற்றி, சந்திக்குச் சந்தி ஆளுக்கு ஆள் தூரம் விட்டுப் போட்டான். சனம் மடியில் சட்டியோடு என் கதிரையில் இருந்தது. கிழமைக்கணக்காக நான் தனியே இருந்து தேய்த்த கதிரைகள்! அன்ரனிதாஸ் மீனை நிறுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். நான் மைக்கில்:

"பாரை, விளை, சூடை! சட்டியோட வாங்கோ, கிட்ட வராதேங்கோ!"

இந்த வசனம் என் சொந்த ஆக்கம். ஓட்டோ முழுக்க மீன் மணக்கக் குன்றிலும் குழியிலும் போனபோதும் எனக்குச் சத்தி வரவில்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள். அன்ரனிதாஸ் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அவன் மச்சான் மீனைத் திரும்பக் கடலில் கொட்டவில்லை. அன்ரனிதாஸ் வள்ளத்தில் ஏறவும் இல்லை.

ஆவணியில் கட்டுப்பாடு தளர, கம்சிகாவின் கல்யாணம் வந்தது. மீன் மணம் போகத் தேசிக்காய் தேய்த்து மூன்று முறை கதிரை கழுவினோம். மார்க்கண்டு அண்ணை ஒரு கதிரையைத் தூக்கி மணந்து பார்த்துத் தலையாட்டினார். தாலி கட்டி முடிந்தது. சபையைச் சாப்பாட்டுக்கு அழைக்கும்படி எனக்குக் கண் காட்டினார். செருமினேன்.

"அன்பார்ந்த பெருமக்களே! பாரை, விளை, சூடை! சட்டியோட வாங்கோ, கிட்ட வராதேங்கோ!"

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கல்யாணப் பொம்பிளையும் சிரித்தது. மார்க்கண்டு அண்ணை சிரிக்கவில்லை. கதிரையைக் கழுவிய நான் வாயைக் கழுவ மறந்துபோனேன்.

அன்ரனிதாஸ் பின்னுக்கு நின்று சத்தத்தை நிறுத்தினான். "அண்ணை, மைக்கைத் தாங்கோ."

கொடுத்தேன். இருபது வருடத்தில் முதல்முறை. அவன் வடிவாகச் சபையை அழைத்தான், ஒரு மீனும் இல்லாமல். நல்லாத்தான் பேசினான். என்னளவுக்கு இல்லை. பிள்ளைகள் இந்த வசனத்தை வெட்டக்கூடாது.

இப்போது பெயர்ப்பலகையில் அவனுடைய பெயரும் இருக்கிறது. கல்யாணம் இல்லாத விடியல்களில் ஓட்டோ மீனோடு போகிறது, கூவுவதும் அவன்தான். என் செத்தவீட்டு அறிவித்தலையும் அவனிடமே ஒப்படைத்துவிட்டேன். முதலில் மாதா பாட்டு, பிறகு 'அன்பார்ந்த பெருமக்களே'. சனம் படலைக்கு வரும், பயமில்லை. சட்டியோடு வராமல் இருந்தால் சரி.