உசில மரத்தில் இடக்கை வெட்டு

சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. மலையில் காய்ந்த விறகை மட்டும் எடுக்கலாம். பச்சை மரத்தை வெட்டக்கூடாது. மீறினால் அந்த வீட்டு ஆளும் ஆடும் ஒரு வருஷத்துக்கு மலையேற முடியாது. வீட்டுக்கு ஒரு நாள் முறைக்காவல். பல கூட்டம் போட்டுப் பேசி இதைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

என் முறை வந்த அன்று, ஓடைக்கு மேலே ஒரு உசில மரத்தின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டை உரித்திருந்ததைப் பார்த்தேன். இப்படிச் செய்தால் மரம் நின்றபடியே காயும். அடுத்த வருஷம் அது காய்ந்த விறகு. யாரும் குறை சொல்ல முடியாது. அரிவாள் வெட்டு சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் அது இடக்கை வெட்டு என்று தெரிந்தது. ஊரில் இடக்கையால் அரிவாள் பிடிப்பவள் என் மனைவி ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"பச்ச மரத்த வெட்டக்கூடாதுன்னுதான சொன்னீங்க. நான் எங்க வெட்டுனேன்? பட்டையத்தான எடுத்தேன். நீங்க சட்டம் போட்டா அடுப்பு தன்னால எரியுமா?"

மறுநாளே மரம் வேறொருவர் கண்ணிலும் பட்டுவிட்டது. கூட்டம் கூடியது. அந்தச் சரிவில் தினமும் ஆடு மேய்த்தவள், புருஷனை இழந்து அந்த ஆடுகளை வைத்தே பிழைத்த ஒருத்தி. அவள்தான் ஆட்டுக்குப் பட்டை உரித்துப் போட்டிருப்பாள் என்றார்கள். "நான் இல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"முந்துன நாள் காவல் ஒன்னோடதுதானப்பா, யாரையும் பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"பாக்கல" என்றேன். பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான சமாதானம்.

பட்டை உரித்ததும் பச்சை மரத்தை வெட்டியதுதான் என்று, அவளும் ஆடும் ஒரு வருஷம் மலையேறக்கூடாது என்றார்கள். மேய்ச்சல் இல்லாமல் அவள் ஆடுகள் ஒவ்வொன்றாக அய்யலூர்ச் சந்தைக்குப் போயின. இப்போது அவள் எங்கள் தோட்டத்துக்கே மல்லிகை பறிக்க வருகிறாள். போன மாதம் ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று, "அந்தப் பட்டைய உரிச்சது எங்க வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணே. அப்ப நான் பாறைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன்."

"பின்ன ஏன் கூட்டத்துல சொல்லல?"

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை.

"நான் சொன்னா யாருண்ணே நம்புவா? நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."